லாகீஸ் விழுந்ததைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

#1 வைகறை

யூதாவின் ராஜாவான எசேக்கியாவைப் பற்றிப் பிரசங்கம் என்றால் அது 2 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில்தான் போய் நிற்கும். அசீரியர் எருசலேமை மிரட்டினார்கள், ராஜா அந்தக் கடிதத்தைக் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபித்தார், ஒரே இராத்திரியில் 1,85,000 பேர் மடிந்தார்கள். சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறோம், இன்னமும் கேட்போம். அதில் எனக்குக் குறை எதுவும் இல்லை.

என் ஆதங்கம் வேறு. முந்தின அதிகாரத்தின் 13-ஆம் வசனம், யூதாவின் அரணான பட்டணங்களை எல்லாம் அசீரிய ராஜா சனகெரிப் பிடித்தான் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது. நாமும் அதே வேகத்தில் தாண்டிவிடுகிறோம். அடுத்த வசனத்தில் எசேக்கியா, குற்றம் செய்துவிட்டேன், திரும்பிப் போய்விடும் என்று ஆள் அனுப்புகிறாரே, எந்த ஊருக்கு அனுப்புகிறார்? லாகீசுக்கு. அசீரிய ராஜா அப்போது பாளயம் இறங்கியிருந்தது அங்கேதான்.

லாகீஸ் ஏதோ ஒரு பட்டிக்காடு அல்ல. எருசலேமுக்குத் தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர். கடற்கரைச் சமவெளிக்கும் யூதாவின் மலைநாட்டுக்கும் நடுவே இருக்கும் குன்றுச் சீமை. எகிப்துப் பக்கமிருந்து எபிரோனுக்கு ஏறுகிற பாதையை அந்த ஊர் கையில் வைத்திருந்தது. அந்த ஊர் புதைந்து கிடக்கும் மேட்டின் உச்சிப்பரப்பு மட்டும் ஏறக்குறைய 18 ஏக்கர். கல் அஸ்திவாரத்தின் மேல் 6 மீட்டர் கனத்தில் பச்சைச் செங்கல் மதில். சரிவில் அதற்கு முட்டுக்கொடுக்க இன்னொரு சுவர். இரண்டு பக்கமும் மும்மூன்று அறை வைத்த பெரிய வாசல். ஊர் நடுவே 76 மீட்டர் நீளம், 36 மீட்டர் அகலத்தில் மேடை எழுப்பி அதன்மேல் அரண்மனை. யூதாவில் எருசலேமுக்கு அடுத்த நகரம் இதுதான்.

கிமு 701-ல் அது எரிந்தது. அங்கேயும் ஜெபம் பண்ணினவர்கள் இருந்திருப்பார்கள் அல்லவா? அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று ஏன் ஒருவரும் கேட்பதில்லை? அதைப் பேசத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

#2 பனங்காடு

சகோதரி, நல்ல விஷயத்தை எடுத்திருக்கிறீர்கள். ஆனால் வேதம் லாகீசை மறந்துவிட்டது என்கிற மாதிரி ஒரு தொனி வருகிறது, அதை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மீகா முதல் அதிகாரத்தைப் பாருங்கள். லாகீசில் குடியிருக்கிறவளே, குதிரைகளை இரதத்தில் பூட்டு என்று பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். மீகாவின் சொந்த ஊரான மொரேசா அந்தக் குன்றுச் சீமையில்தான் இருந்தது. பக்கத்து ஊர்க்காரர் தன் சீமை பாழாகப் போகிறதே என்று புலம்புகிற புலம்பல் அது. வெறுங்காலோடு நடந்து ஓலமிடுவேன் என்கிறாரே, சும்மாவா?

எருசலேம் தப்பினதற்குக் காரணம் தாவீதின் நிமித்தம் என்று 19:34 தெளிவாகச் சொல்கிறது. வாக்குத்தத்தம் அந்த நகரத்துக்கு இருந்தது. லாகீசுக்கு இல்லை.

#3 லண்டன்வாசி

இங்கே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லாகீசுக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. 1840-களில் லேயார்ட் என்ற ஆய்வாளர் அசீரியத் தலைநகரான நினிவேயில் தோண்டியபோது சனகெரிப்பின் அரண்மனையில் ஓர் அறை முழுக்கச் சுவரைச் சுற்றி ஒரே கதை செதுக்கப்பட்டிருந்தது. லாகீசைப் பிடித்த கதை. அந்தப் பலகைகளை லண்டனுக்குக் கொண்டுவந்து இங்கே அதே வரிசையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

இடப்பக்கம் கவண் வீசுகிறவர்களும் வில்லாளிகளும் அணி அணியாக வருகிறார்கள். நடுவில் ஊர். மதிலை நோக்கி மேடுகள் சரிந்து ஏறுகின்றன, அவற்றின்மேல் மதிலிடிக்கும் பொறிகள். மேலே நிற்கிற ஊர்க்காரர்கள் எரிகிற தீப்பந்தங்களையும் கல்லையும் பொறியின் தலைமேல் எறிகிறார்கள். பொறிக்குள் இருக்கிற அசீரியச் சிப்பாய் ஒருவன் நீளக் காம்பு வைத்த அகப்பையால் முன்பக்கத்துத் தோலின்மேல் தண்ணீர் ஊற்றுகிறான், தீப்பிடிக்காமல் இருக்க. அந்த அகப்பையைத் தேடிப் பாருங்கள். நேரில் பார்த்தவனையோ, பார்த்தவன் வாயால் கேட்டவனையோ பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஒரு சிற்பிக்கு அது தோன்றியிருக்காது.

சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே கீழே வாசல் வழியாக ஜனங்கள் வெளியேறுகிறார்கள். வலப்பக்கம் போகப் போக அவர்கள்தான். மாட்டு வண்டியில் மூட்டை முடிச்சு, அதன்மேல் பெண்களும் குழந்தைகளும். தலையிலிருந்து பாதம்வரை முக்காடு தொங்கும் பெண்கள் கையில் பையோடு நடக்கிறார்கள். மாட்டின் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிகிறது. நிர்வாணமாகக் கழுவில் ஏற்றப்பட்ட மூன்று பேர். தரையில் கைகாலை இழுத்துக் கட்டி உயிரோடு தோலுரிக்கப்படுகிற இரண்டு பேர். கடைசியில் சிங்காசனத்தில் சனகெரிப். உலகத்தின் ராஜா, அசீரியாவின் ராஜா சனகெரிப் ஆசனத்தில் உட்கார்ந்திருக்க லாகீசின் கொள்ளை அவன் முன்னால் கடந்துபோயிற்று என்று பக்கத்தில் எழுத்து. ஊர்ப் பெயர் சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கிறது.

அவன் முகத்தை யாரோ வேண்டுமென்றே கொத்திச் சிதைத்திருக்கிறார்கள். கிமு 612-ல் நினிவே விழுந்தபோது நடந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு.

#4 புதியவன்27

லண்டன்வாசி அண்ணா, படிக்கும்போதே மனசு கனத்துவிட்டது. ஒரு சந்தேகம். சிற்பத்தில் இருக்கிற அந்த மேடு உண்மையிலேயே அங்கே இருந்ததா? இல்லை ராஜாவைப் புகழ்வதற்காகச் செதுக்கியதா?

#5 செம்மண்

இருந்தது தம்பி. இன்றைக்கும் இருக்கிறது. லாகீஸ் மேட்டின் தென்மேற்கு மூலைக்குப் போனால் கண்ணாலேயே பார்க்கலாம்.

அந்த ஊரின் மற்ற எல்லாப் பக்கமும் ஆழமான பள்ளம். தென்மேற்கில் மட்டும் ஒரு சின்னக் கழுத்து மாதிரி நிலம் பக்கத்துக் குன்றோடு ஒட்டியிருக்கிறது. எதிரி வந்தால் அந்த வழியாகத்தான் வரமுடியும் என்று ஊர்க்காரர்களுக்கும் தெரியும், சனகெரிப்புக்கும் தெரியும். அவன் படை அங்கே கல்லைக் கொட்டி மதில் உயரத்துக்கு ஒரு சரிவு கட்டியது. மேல்மட்டத்துக் கற்களைச் சுண்ணச் சாந்து போட்டு இறுக்கியிருக்கிறார்கள், பொறி உருண்டு ஏற வேண்டுமே. அசீரியர் கட்டிய முற்றுகை மேடுகளில் நமக்குத் தப்பிக் கிடைத்திருப்பது இது ஒன்றுதான்.

டெல் அவிவ் பல்கலைக்கழகத்தின் டேவிட் உசிஷ்கின் 1973 முதல் அங்கே தோண்டினார். அந்த மேட்டில் 13,000 முதல் 19,000 டன் கல் இருக்கும் என்பது அவர் கணக்கு. பிறகு எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் யோசேப் கார்ஃபிங்கல் குழு 2021-ல் வேறு விதமாகக் கணக்குப் போட்டது. ஒரு கல் சராசரி ஆறரைக் கிலோ, மொத்தம் 30 லட்சம் கல். பெருக்கிப் பாருங்கள், உசிஷ்கின் சொன்ன மேல்வரம்புக்குப் பக்கத்தில் வரும். நாலு வரிசையாக ஆட்களை நிறுத்திக் கைமாற்றிக் கைமாற்றி இரவும் பகலும் வேலை வாங்கியிருந்தால் 25 நாளில் முடிந்திருக்கும் என்கிறார்கள். கல் தூக்கியவர்கள் பெரும்பாலும் சிறைபிடிக்கப்பட்டவர்களாக இருக்கலாம் என்பதும் அவர்கள் கருத்து. அப்படியானால் மேலேயிருந்து அம்பு விட்டவனுக்கு எதிரே கல் சுமந்து நின்றவன் அவனுடைய பக்கத்து ஊர்க்காரனாகக்கூட இருந்திருக்கலாம்.

உள்ளே இருந்தவர்களும் கையைக் கட்டிக்கொண்டு உட்காரவில்லை. மதிலுக்கு உட்புறம் அவர்கள் ஒரு எதிர்மேடு எழுப்பியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அசீரியன் கல் அடுக்க அடுக்க, மறுபக்கம் இவர்கள் ஊருக்குள் இருந்த மண்ணையும் இடிபாட்டையும் அள்ளிக் கொட்டி, மதில் உடைந்தாலும் பின்னால் நின்று அடிக்கப் புதிய அரண் எழுப்பியிருக்கிறார்கள். மதிலோரம் துளையிட்ட பெரிய கற்கள் கிடைத்தன, ஒவ்வொன்றும் நூறு கிலோவுக்கு மேல். துளையில் கயிற்றின் மிச்சம். கயிறு கட்டி மேலேயிருந்து இறக்கி, ஊஞ்சலாட்டி, மதிலிடிக்கும் பொறியின்மேல் மோதவிட்டிருப்பார்கள் என்று உசிஷ்கின் நினைக்கிறார். இரும்புச் சங்கிலித் துண்டு ஒன்றும் கிடைத்தது. பொறியின் இடிமுனையை மாட்டி மேலே தூக்குவதற்காக இருக்கலாம்.

அம்புமுனைகள் நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் இரும்பு, சில எலும்பில் சீவியவை. செங்கல்லில் குத்தி முனை வளைந்துபோனவையும் அதில் உண்டு. பிறகு கவண்கல். டென்னிஸ் பந்து அளவுக்கு உருட்டிச் செதுக்கிய கல், ஒவ்வொன்றும் கால் கிலோ.

#6 நெய்தல்

நான் விசுவாசி இல்லை, வரலாறு பிடிக்கும் என்பதால் எழுதுகிறேன். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பனங்காடு ஐயா வாக்குத்தத்தம் என்றார். எனக்கு அரசியல்தான் தெரிகிறது. கிமு 705-ல் சனகெரிப்பின் தகப்பன் சர்கோன் போர்க்களத்தில் செத்தான். ஆட்சி மாறுகிற நேரம் என்று பார்த்து நாலாபக்கமும் கலகம். எசேக்கியாவும் கப்பத்தை நிறுத்தினார். அதோடு நிற்கவில்லை. அசீரியாவுக்கு விசுவாசமாக இருந்த, பாதி என்ற பெயருள்ள எக்ரோன் ராஜாவைப் பிடித்து எருசலேமில் அடைத்து வைத்தார். எகிப்து உதவிக்கு வரும் என்று நம்பினார். வந்த எகிப்துப் படை எல்தெக்கேயில் தோற்றது.

சனகெரிப்பின் ஆறு பட்டைக் களிமண் பட்டகத்தில் 46 அரணான பட்டணங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியேற்றினேன், எசேக்கியாவைக் கூண்டுப் பறவையைப் போல எருசலேமில் அடைத்தேன் என்று இருக்கிறது. எருசலேமைப் பிடித்ததாக அவனே சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் கப்பக் கணக்கைப் பாருங்கள். வேதாகமம் 300 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்கிறது. அசீரியன் 800 தாலந்து வெள்ளி, 30 தாலந்து பொன் என்கிறான். பொன் கணக்கு இரண்டு பக்கமும் ஒன்றே. ஆலயக் கதவுகளில் இருந்த பொன்தகட்டை எசேக்கியா உரித்துக் கொடுத்தார் என்று 18:16-லேயே இருக்கிறதே. தலைநகரம் பணம் கட்டித் தப்பித்தது, குன்றுச் சீமை உயிரைக் கட்டியது. பிடித்த ஊர்களை அசீரியன் அஸ்தோத், எக்ரோன், காசா ராஜாக்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டான்.

#7 பனங்காடு

தம்பி நெய்தல், நீங்கள் கொடுத்த விவரங்களில் ஒன்றுகூட எனக்குப் புதிதில்லை, பாதி 2 இராஜாக்களிலேயே இருக்கிறது. எசேக்கியா தப்புக் கணக்குப் போட்டார் என்று ஏசாயாவே கண்டித்திருக்கிறார். சகாயமடைய எகிப்துக்குப் போகிறவர்களுக்கு ஐயோ என்று 31-ஆம் அதிகாரம் தொடங்குகிறது.

ஆனால் ஒன்று யோசியுங்கள். பணத்தை வாங்கினபிறகும் அவன் போகவில்லையே. 18:17-ல் லாகீசிலிருந்தே ரப்சாக்கே என்ற அதிகாரியைப் பெரிய சேனையோடு எருசலேமுக்கு அனுப்புகிறான். ரப்சாக்கே மதில்மேல் இருக்கிற ஜனங்களுக்குக் கேட்கும்படி யூத பாஷையிலேயே பயமுறுத்துகிறான். அப்படிப்பட்டவன் கடைசியில் எருசலேமைத் தொடாமல் நினிவேக்குத் திரும்பினான். உலகத்தின் ராஜா என்று சொல்லிக்கொண்டவன் தன் அரண்மனைச் சுவரில் தலைநகரத்தைச் செதுக்க முடியாமல் இரண்டாவது நகரத்தைச் செதுக்க வேண்டியிருந்தது. இதற்கு உங்கள் அரசியலில் என்ன பதில்?

#8 நெய்தல்

பதில் இருக்கிறது ஐயா. கப்பம் கட்டுகிற, கை ஒடிந்த ஒரு எசேக்கியா அவனுக்குப் போதும். எகிப்துக்கு எதிரே எல்லையில் ஒரு சின்ன நாடு இருக்கட்டும், ஆனால் பல் பிடுங்கினதாக இருக்கட்டும் என்பது அசீரியக் கணக்கு. அந்தப் பல்தான் லாகீஸ். நீங்கள் வேறு விதமாக வாசிக்கலாம், அதற்கு நான் குறுக்கே நிற்கவில்லை.

இன்னொரு விஷயம். அந்தப் பட்டகத்தில் லாகீஸ் என்ற பெயரே இல்லை. 46 ஊர் என்று மொத்தமாகப் போய்விட்டது. சுவர்ச் சிற்பம் மண்ணுக்குள்ளேயே கிடந்திருந்தால் அசீரியர் பக்கத்திலிருந்து லாகீஸ் முற்றுகைக்கு நமக்குச் சாட்சியே இருந்திருக்காது.

#9 வைகறை

நெய்தல் சொன்ன கடைசி வரியைத்தான் நான் முதலிலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறேன். 46 என்று எண்ணிவிட்டால் ஊர் மறைந்துவிடுகிறது.

அந்த ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதற்கு, மேட்டுக்குள் அந்தக் காலத்து ஊர் எரிந்து கிடக்கும் அடுக்கிலேயே தடயம் இருக்கிறது. வாசலிலிருந்து அரண்மனைக்குப் போகிற தெருவை ஒட்டிச் சின்னச் சின்ன வீடுகளும் கடைகளும் நெருக்கமாக இருந்தன. எல்லாம் ஒரே தீயில் போனது. தீயின் சூட்டில் பச்சைச் செங்கல் சூளையில் வெந்த மாதிரி சிவந்து கிடக்கிறது. உள்ளே சாடிகள் நசுங்கிக் கிடக்கின்றன. பலவற்றின் கைப்பிடியில் ‘ராஜாவுக்கு உரியது’ என்ற முத்திரை. அதன்மேல் நாலு சிறகு வண்டோ, இரண்டு சிறகுச் சூரியனோ. கீழே எபிரோன், சீப், சோக்கோ என்று ஊர்ப் பெயர். லாகீசில் மட்டும் இப்படிப்பட்ட கைப்பிடி 400-க்கும் மேல் கிடைத்திருக்கிறது. சாடி ஒன்று சுமார் 45 லிட்டர் பிடிக்கும். எண்ணெயும் திராட்சரசமும் நிரப்பி முற்றுகைக்குத் தயாராகச் சேமித்து வைத்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். தண்ணீருக்கு வடகிழக்கு மூலையில் 44 மீட்டர் ஆழத்தில் ஒரு கிணறு. சண்டை வரும் என்று தெரிந்தே வாழ்ந்திருக்கிறார்கள்.

#10 செம்மண்

சாடி என்றதும் ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்த எரிந்த அடுக்கு கிமு 701-ஐச் சேர்ந்தது என்று இன்றைக்கு நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். அதற்குப் பல பத்து வருஷம் சண்டை நடந்தது.

முதலில் இந்த மேடுதான் லாகீஸ் என்பதே தெரியாது. 1890-ல் பெட்ரி என்ற தொல்லியலாளர், தெல் எல்-ஹெசி என்ற வேறொரு மேட்டை லாகீஸ் என்று நினைத்துத் தோண்டினார். 1929-ல் ஆல்பிரைட் என்ற பேராசிரியர், லாகீஸ் இதுதான் என்று தெல் எத்-துவேர் மேட்டைக் காட்டினார். 1932-ல் ஸ்டார்க்கி அங்கே வேலையைத் தொடங்கினார். மேலேயிருந்து எண்ணிக்கொண்டு போனால் இரண்டாவது அடுக்கும் எரிந்தது, மூன்றாவதும் எரிந்தது. இரண்டாவது அடுக்கை எரித்தது பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சாரின் கடைசிப் படையெடுப்பு என்பதில் தகராறு இல்லை. மூன்றாவதையும் பாபிலோனியர் கணக்கிலேயே, கிமு 597-ல் எழுதினார் ஸ்டார்க்கி. 1938 ஜனவரியில் எருசலேம் அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்குப் போகிற வழியில் அவரைக் கொன்றுவிட்டார்கள். கூட வேலை செய்த ஓல்கா டஃப்னல்தான் மீதி எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்தார். ஒவ்வொரு பானையாக ஒப்பிட்டு, இரண்டு அடுக்குக்கும் நடுவே பானை வடிவம் இவ்வளவு மாறப் பத்துப் பதினோரு வருஷம் போதாது, மூன்றாவது அடுக்கு 701-ல் எரிந்ததுதான் என்று 1953-ல் எழுதினார். ஆல்பிரைட்டே அதை ஏற்கவில்லை. தன் தலைவரின் முடிவுக்கு எதிராக, பெரிய பேராசிரியர்களுக்கு எதிராக, பட்டம் எதுவும் இல்லாத ஒரு பெண். உசிஷ்கின் மறுபடி தோண்டியபிறகு டஃப்னல் சொன்னதுதான் நிலைத்தது. இன்றைக்கு யூதா நாட்டில் எந்த மேட்டில் பானையோடு எடுத்தாலும் காலம் சொல்ல லாகீசின் மூன்றாம் அடுக்கைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள்.

#11 நெய்தல்

டஃப்னல் கதைக்கு நன்றி சார். அப்படியே கொஞ்சம் கீழே இறங்கலாமா? யோசுவா 10-ல் யப்பியா என்கிற லாகீஸ் ராஜா வருகிறார், இஸ்ரவேலர் இரண்டாம் நாளில் ஊரைப் பிடித்தார்கள் என்று இருக்கிறது. மண் என்ன சொல்கிறது?

#12 செம்மண்

கானானியர் காலத்து லாகீஸ் அதற்கு முன்பே பெரிய ஊர். எகிப்தில் கிடைத்த, கிமு 14-ஆம் நூற்றாண்டின் அமர்னா கடிதங்களில் அதன் தலைவர்கள் எகிப்து ராஜாவுக்கு எழுதியது இருக்கிறது. சிம்ரெத்தா என்ற தலைவன் கொல்லப்பட்டதைப் பற்றி எருசலேம் தலைவன் புகார் எழுதுகிறான்.

அந்த லாகீஸ் இரண்டு தடவை அழிந்தது. ஏழாம் அடுக்கு கிமு 1200-ஐ ஒட்டி, ஆறாம் அடுக்கு 1130 வாக்கில். இரண்டாவது அழிவின் சாம்பலுக்குக் கீழே மூன்றாம் ராம்சேஸ் பெயர் பொறித்த வெண்கலப் பொருள் கிடைத்தது. அவன் காலம்வரை எகிப்தின் பிடியில் ஊர் நின்றது என்று அர்த்தம். அதன்பின் ஒன்றிரண்டு நூற்றாண்டு ஆள் அரவமே இல்லை. யோசுவா புத்தகத்தோடு இதை எப்படிப் பொருத்துவது என்பதில் ஆய்வாளர்கள் பல பக்கம் நிற்கிறார்கள். யோசுவா 10 பட்டயத்தால் வெட்டினார்கள் என்கிறதே தவிர லாகீசைச் சுட்டெரித்ததாகச் சொல்லவில்லை என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். உசிஷ்கின் ஆறாம் அடுக்கோடு சேர்த்துப் பார்க்கலாம் என்றார்.

ரெகொபெயாம் லாகீசை அரணாக்கினார் என்று 2 நாளாகமம் 11 சொல்கிறது. அதிலும் வாதம் ஓய்ந்தபாடில்லை. ஐந்தாம் அடுக்குக்கு மதிலே கிடையாது என்பது உசிஷ்கின் கட்சி. வடபக்கம் ஐந்தாம் அடுக்கின் மதிலைக் கண்டுபிடித்தோம், ஒலிவக் கொட்டைகளைக் கரிமச் சோதனை செய்தோம், அது கிமு 10-ஆம் நூற்றாண்டின் பிற்பாதி என்பது கார்ஃபிங்கல் கட்சி. எனக்குக் கார்ஃபிங்கல் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு.

#13 மட்டுறுத்துநர்

யோசுவாவின் காலத்தைப் பற்றித் தனி இழை இருக்கிறது, அதை ஒட்டி வந்த மூன்று பதிவுகளை அங்கே மாற்றியிருக்கிறேன். இங்கே லாகீஸ் தொடரட்டும்.

#14 புதியவன்27

வாசலில் ஒரு கழிப்பறைக் கல் கிடைத்தது என்று ஒரு காணொளியில் பார்த்தேன். அது உண்மையா?

#15 செம்மண்

உண்மை. 2016-ல் வாசலின் தென்புற அறைகளைத் தோண்டியபோது ஓர் அறை வழிபாட்டு இடமாக இருந்தது தெரிந்தது. அங்கே இருந்த பலிபீடங்களின் கொம்புகளை வேண்டுமென்றே வெட்டியிருக்கிறார்கள். மூலையில் துளையுள்ள கல் இருக்கை. ஆய்வகத்தில் சோதித்தபோது அதை யாரும் பயன்படுத்தவே இல்லை என்று தெரிந்தது. அப்படியென்றால் அந்த இடத்தைத் தீட்டாக்க அடையாளமாக வைத்தது. யெகூ பாகால் கோவிலை மலஜலாதி இடமாக்கினதாக 2 இராஜாக்கள் 10:27-ல் வருகிறதே, அதே முறை. எசேக்கியா வழிபாட்டு மேடைகளை அகற்றினதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள், அங்கே தோண்டிய சாஅர் கனோர் என்ற ஆய்வாளர் உட்பட. இந்த விளக்கத்தை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு.

#16 சுவடிப்பெட்டி

இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். வைகறை அக்கா, லாகீஸ் ஜனங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டீர்கள். 701-ல் அந்த ஊரில் இருந்தவர்கள் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, பாபிலோனியர் வருகிற நேரத்தில், அந்த ஊருக்கு வந்த கடிதங்கள் கிடைத்திருக்கின்றன.

1935-ல் ஸ்டார்க்கி வாசலோர அறை ஒன்றில் சாம்பலுக்குள்ளிருந்து 18 பானையோடுகளை எடுத்தார். மை கொண்டு எபிரேயத்தில் எழுதியவை. பிறகு மூன்று சேர்ந்து மொத்தம் 21. பல, யாஊஷ் என்ற மேலதிகாரிக்கு எழுதப்பட்டவை. எழுதியவர்களில் பெயர் தெரிந்தவர் ஓசாயா, ஏதோ ஒரு சின்னக் காவல் முனையில் இருந்த அதிகாரி. ‘நாயாகிய அடியேன் எம்மாத்திரம்’ என்று பணிவோடு தொடங்குகிற வழக்கம்.

மூன்றாம் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தாலும் எனக்குச் சலிக்காது. உனக்குக் கடிதம் வாசிக்கத் தெரியாதா, ஒரு எழுத்தனைக் கூப்பிட்டுக்கொள் என்று மேலதிகாரி எழுதியிருப்பார் போல. ஓசாயாவுக்கு அது சுருக்கென்று தைத்துவிட்டது. கர்த்தருடைய ஜீவனைக்கொண்டு ஆணையிட்டு, எனக்கு யாரும் ஒருநாளும் கடிதம் வாசித்துக் காட்டினதில்லை, வருகிற கடிதத்தை நானே வாசித்து அப்படியே திருப்பிச் சொல்லுவேன் என்று பதில் எழுதுகிறார். படை நெருங்கி வருகிறது, தேசமே முடியப் போகிறது, அந்த நேரத்திலும் ஒரு மனுஷனுக்குத் தன் படிப்பைக் குறைத்துப் பேசியது பொறுக்கவில்லை. அதே கடிதத்தில் சேனாதிபதி கோனியா எகிப்துக்குப் போகிற செய்தியும் இருக்கிறது. எச்சரிக்கையாயிரு என்று ஒரு தீர்க்கதரிசி மூலமாக வந்த கடிதத்தைப் பற்றியும் சொல்கிறார்.

நாலாம் கடிதம்தான் பிரபலம். என் எஜமான் கொடுத்த குறிப்புகளின்படி லாகீசின் தீக்குறிகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அசெக்காவைக் காணமுடியவில்லை என்று முடிகிறது. எரேமியா 34:7-ல் யூதாவின் அரணான பட்டணங்களில் லாகீசும் அசெக்காவும் மட்டும் மீந்திருந்தன என்று வருகிறதே, அந்த நாட்களின் கடிதம் இது.

#17 பனங்காடு

சகோதரர் சுவடிப்பெட்டி, எரேமியாவை நான் எத்தனையோ வருஷமாக வாசிக்கிறேன். அந்த வசனத்தில் ஊர்ப் பெயர்களை வாசித்துக் கடந்துபோவதுதான் வழக்கம். அந்தத் தீயைப் பார்த்துக்கொண்டு ஓர் ஆள் நின்றிருக்கிறான், அவனுக்கு ஓசாயா மாதிரி ஒரு பெயர் இருந்திருக்கிறது என்பது வேறு மாதிரி இருக்கிறது. அசெக்கா விழுந்துவிட்டதால்தான் காணவில்லையா?

#18 சுவடிப்பெட்டி

பலர் அப்படித்தான் வாசிக்கிறார்கள் ஐயா. தீக்குறி அணைந்துவிட்டது, ஊர் போய்விட்டது என்று. அவர் நின்ற இடத்திலிருந்து அசெக்கா பார்வைக்கே எட்டாது, அதனால் லாகீசைப் பார்த்துக்கொள்கிறோம் என்கிறார், அவ்வளவுதான் என்று வேறு சிலர். கடிதத்தின் வரிகள் இரண்டுக்கும் இடம் கொடுக்கின்றன. ஆறாம் கடிதத்தையும் எரேமியா 38:4-ஐயும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரபுக்களின் வார்த்தைகள் கைகளைத் தளரப்பண்ணுகின்றன என்று கடிதத்தில் புகார். எரேமியாவின்மேல் பிரபுக்கள் வைத்த குற்றச்சாட்டும் அதே பேச்சுதான்.

#19 லண்டன்வாசி

அந்த ஓடுகளில் பெரும்பாலானவை இங்கே லண்டனில்தான் இருக்கின்றன. உள்ளங்கையில் அடங்குகிற அளவு. பிரம்மாண்டமான பலகைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. இரண்டையும் பார்த்தவன் என்கிற முறையில் சொல்கிறேன், சிற்பத்தில் இருப்பது வென்றவன் சொல்ல விரும்பியது. ஓடுகள் அந்த நாட்டுக்காரன் கையெழுத்து. என் ஓட்டு ஓடுகளுக்குத்தான்.

#20 வைகறை

எல்லாருக்கும் நன்றி. நான் சொல்ல நினைத்த இரண்டு விஷயம் பாக்கி.

ஒன்று, அந்தக் குகைகள். மேட்டின் சரிவில் இருந்த பழைய கல்லறைக் குகைகளில் சுமார் 1,500 பேரின் எலும்புகள் குவிந்து கிடந்ததை ஸ்டார்க்கி குழு கண்டது. ஆண், பெண், குழந்தைகள் எல்லாரும். வேறெங்கோ கிடந்ததை அள்ளிக்கொண்டு வந்து குவித்த மாதிரி இருந்தது. 701-ல் இறந்தவர்கள் என்று பலர் கருதுகிறார்கள். ஏறக்குறைய 700 மண்டையோடுகளை ஆராய்ச்சிக்கு லண்டனுக்கு அனுப்பினார்கள். அவற்றில் மூன்றில் அறுவைசிகிச்சை மாதிரி வெட்டித் திறந்த துளை. அந்த ஊரில் ஒருவர் மற்றவரைப் பிழைக்கவைக்கப் பாடுபட்டிருக்கிறார்.

இன்னொன்று முற்றுகைக்கு ஆயிரம் வருஷம் முந்தியது. யானைத் தந்தத்தில் செய்த சீப்பு, மூன்றரை சென்டிமீட்டர் நீளம்தான். 2016-ல் எடுத்தார்கள். அதில் எழுத்து இருப்பது சில வருஷம் கழித்துத்தான் கண்ணில் பட்டது. ஒரு பக்கம் சிக்கெடுக்க ஆறு தடித்த பல், மறுபக்கம் பேனும் ஈரும் எடுக்கப் பதினாலு மெல்லிய பல். தலைமயிரிலும் தாடியிலும் உள்ள பேனை இந்தத் தந்தம் ஒழிக்கட்டும் என்று 17 எழுத்தில் கீறியிருக்கிறது. எழுத்தின் வடிவத்தை வைத்து கிமு 1700 என்கிறார்கள். அகரவரிசை எழுத்தில் நமக்குக் கிடைத்த முழு வாக்கியங்களில் இதுதான் மிகப் பழையது. பல்லில் பேன்குஞ்சின் மிச்சம்கூட ஒட்டியிருந்தது. லாகீஸ் என்றாலே அழிவு என்று எனக்குள் பதிந்திருந்ததை இது ரொம்பவே இளக்கிவிட்டது.

பனங்காடு ஐயா, நீங்கள் சொன்ன 19:34-ஐ நானும் விசுவாசிக்கிறேன். எருசலேம் தப்பினதைக் கொண்டாடுகிற அன்றைக்கு லாகீசின் பெயரையும் ஒரு தடவை சொல்லிவிட்டுக் கொண்டாட வேண்டும், அவ்வளவுதான் என் வேண்டுகோள்.

#21 பனங்காடு

நியாயமான வேண்டுகோள் சகோதரி. அடுத்த மாதம் எங்கள் வாலிபர் கூட்டத்தில் எனக்கு வேதபாடம் இருக்கிறது. இதையே எடுக்கலாம் என்று நினைக்கிறேன். எந்த வரிசையில் வாசிக்கச் சொல்லலாம்? ஒரு மணி நேரம்தான் கிடைக்கும்.

#22 வைகறை

ஐயா, முதலில் மீகா 1:8 முதல் 16 வரை. வரப்போகிறது என்று பக்கத்து ஊர்க்காரர் அழுவது அது. பிறகு 2 இராஜாக்கள் 18:13 முதல் 17. அங்கே நிறுத்திவிட்டு லண்டன்வாசி சொன்ன பலகைகளைத் திரையில் காட்டுங்கள், அருங்காட்சியகத்தின் இணையதளத்திலேயே பெரிய படங்கள் இருக்கின்றன. மாட்டு வண்டி இருக்கும் பலகையில் கொஞ்ச நேரம் நிற்கவையுங்கள். அதன்பின் 19-ஆம் அதிகாரம். நேரம் மீந்தால் எரேமியா 34:1 முதல் 7, கூடவே சுவடிப்பெட்டி சொன்ன நாலாம் கடிதம். நெகேமியா 11:30-ஐ விட்டுவிடாதீர்கள். சிறையிருப்பிலிருந்து திரும்பினவர்கள் லாகீசிலும் அதன் வயல்களிலும் குடியேறினார்கள் என்று அதில் இருக்கிறது.